பொம்மை கையைத் தூக்காது

மணிலாவுக்குப் பக்கத்தில், ஏரிக்கரையில் இருக்கிற அங்கோனோவில் ஒரு கல்யாணம் என்றால் இரண்டு கவுன் தைத்தாக வேண்டும். ஒன்று பெண்ணுக்கு. இன்னொன்று, பெண் ஏறிப் போகிற வண்டியின் முன்மூடி மேல் கட்டி வைக்கும் பொம்மைக்கு. பெண்ணுடையதைத் தைக்க, ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு தையல்கடை. பொம்மையுடையதைத் தைக்க ரொசெந்தா ஒருத்திதான் இருந்தாள்.

அவளுக்குக் கடை என்று எதுவும் கிடையாது. ஏரிக்குப் போகிற சந்தில், ஜீப்னி என்கிற சின்னப் பஸ் ஓட்டுகிற புருஷன் மெலானியோவின் வீட்டில், சாப்பாட்டு மேஜையின் ஓர் ஓரம்தான் கடை. மத்தியானம் சோறு வைக்கிற நேரத்தில் மெஷினைச் சுவரோரம் தள்ளுவாள். சாப்பிட்டு முடிந்ததும் மீன்முள்ளைத் துடைத்துவிட்டு மறுபடி இழுத்துக்கொள்வாள். பக்கத்து ஊர்த் துணிக் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சிய துண்டுகளைச் சாக்கில் அடைத்து எடைக்குப் போடுவார்கள். அதை மெலானியோ வண்டியில் ஏற்றி வந்து இறக்குவான். அந்தச் சாக்குக்குள்ளிருந்து கிறிஸ்துமஸ் மாதத்தில் பொம்மைகளுக்குப் பூப்போட்ட கவுன், பைஜாமா, பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் டஜன் டஜனாக வெளியே வரும். ஆனால் அவளுடைய பேர் நின்றது கல்யாணப் பொம்மையில்தான்.

பொம்மைக்குத் தைப்பது விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை தைத்துப் பார்க்கட்டும். சுண்டுவிரல் நுழையாத கையைத் தைத்து உள்ளும் புறமுமாகப் புரட்ட வேண்டும். அதற்கு அவள் மை தீர்ந்த பேனாக்குச்சி ஒன்று வைத்திருந்தாள். மெஷினைக் காலால் மிதித்தால் மூன்று மிதியில் துணியைத் தாண்டி ஓடிவிடும் என்பதால் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் தைப்பாள். அளவு வெட்டுவது பழைய காலண்டர் தாளில். முதலில் கையை உடம்போடு சேர்ப்பது, பிறகு பக்கத் தையல், முதுகு முழுக்கத் திறப்பு, அதில் மூன்று அழுத்துப் பொத்தான். இத்தனையிலும் ஒரே ஒரு விஷயத்தில் அவள் பிடித்த பிடியை விட மாட்டாள். அக்குளில் சுருக்கம் விழக் கூடாது. தோளும் அக்குளும் வழித்துவிட்ட மாதிரி இருந்தால்தான் பொம்மை ராணி, இல்லாவிட்டால் மூட்டைக்குத் துணி சுற்றியது என்பாள். மற்ற ஊர்ப் பொம்மைகளைப் பார்த்தால் முதலில் அவள் கண் போவது அங்கேதான். சுருக்கத்தைக் கண்டால் உதட்டைச் சுழிப்பாள்.

இந்த ஊரில் கல்யாணக் கவுனை மணப்பெண் முன்கூட்டியே போட்டுப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அந்தக் கல்யாணம் நடக்காது. படித்தவள், படிக்காதவள், மணிலாவில் வங்கி வேலைக்குப் போகிறவள் எல்லோரும் இதில் ஒன்றுதான். வாயால் சிரிப்பார்கள், ஆனால் போட்டுப் பார்க்க மாட்டார்கள். அதனால்தான் பொம்மைக்கு அத்தனை மவுசு. பெண் கொடுத்த அதே துணியில், அதே லேஸில், அதே கழுத்து வைத்து ரொசெந்தா தைத்துவிடுவாள். பெண் வந்து மேஜை முன்னால் உட்கார்ந்து, ஒரு முழம்கூட இல்லாத அந்தப் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். தான் எப்படி இருக்கப் போகிறோம் என்று பார்த்துக்கொள்ள அவளுக்கு இருந்த வழி அது ஒன்றுதான். சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள். ரொசெந்தா ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து, துணியில் கண்ணீர் படாமல் பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வைப்பாள்.

நல்ல பருமனான ஒரு பெண் ஒருமுறை வந்தாள். பொம்மையைப் பார்த்ததும், இந்த ஒல்லிக்குச்சி யார், இவளைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளை என்னைப் பார்த்தால் என்ன ஆவது என்று மூக்கைச் சிந்தினாள். ரொசெந்தா பொம்மையின் வயிற்றைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கட்டி, கவுனைப் பிரித்துப் பெரிதாக்கி, மறுநாள் கொடுத்தாள். அந்தப் பெண் பொம்மையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். இன்றைக்கும் அது அவர்கள் வீட்டு டிவி மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் பஞ்சு வயிற்றோடு நிற்கிறது.

போட்டுப் பார்க்கக் கூடாது என்பதை ஊர் நம்பியது என்றால், ரொசெந்தா ஊரைவிட ஒரு படி மேலே நம்பினாள். காரணம் இருந்தது. இருபது வயதில் அவளுக்குத் தெயோதோரோ என்ற ஒருவனோடு கல்யாணம் நிச்சயமாகி, கவுனும் தைத்து வந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் ஆசை தாங்காமல் அதை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் பத்து நிமிடம் நின்றாள். மூன்று வாரம் கழித்து அவன் கப்பல் வேலைக்கென்று போனான். தாவாவோ என்கிற தூரத்து ஊரில் வேறொரு பெண்ணைக் கட்டிக்கொண்டதாக ஒரு கடிதம் வந்தது. அந்த ஆளைக்கூட அவள் அவ்வளவாகத் திட்டியதில்லை. கண்ணாடி முன்னால் நின்ற அந்தப் பத்து நிமிடத்தைத்தான் வாழ்நாளெல்லாம் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் மெலானியோ வந்தான். பூசையும் இல்லாமல், பாட்டும் இல்லாமல், ஒரு செவ்வாய்க்கிழமை நகராட்சி அலுவலகத்தில், பூப்போட்ட சாதாரண உடையில் அவனைக் கட்டிக்கொண்டாள். கவுன் மட்டும் பெட்டியோடு புகுந்த வீட்டுக்கு வந்தது. கோயில் வாசலை அது பார்க்கவில்லை.

மெலானியோவுக்கு இதில் துளிகூட வருத்தம் கிடையாது. கூட்டாளிகள் நாலு பேர் இருக்கும்போது வேண்டுமென்றே சொல்வான்.

“இவ அந்தக் கவுனப் போட்டுப் பாத்தது எனக்கு நல்லதாப் போச்சு. அதுக்கு நான் மெழுகுவத்தி ஏத்தணும்.”

ரொசெந்தா கரண்டியை ஓங்குவாள். அவன் குனிந்துகொள்வான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

மகள் அம்பாரோவுக்கு ஐந்து வயதில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை கிடைத்தது. மணிலா சந்தையில், உடம்பில் பொட்டு நூல் இல்லாமல் டஜன் கணக்கில் விற்கிற பொம்மை. அதைக் கல்யாணப் பெண்ணாக்கித் தரச்சொல்லிக் குழந்தை ஒற்றைக்காலில் நின்றது. வீட்டில் வெள்ளைத்துணி வேறு இல்லை. ரொசெந்தா பெட்டியைத் திறந்து, அந்தக் கவுனை மேஜையில் விரித்து, யோசிக்காமல் கத்தரி போட்டாள். யோசித்திருந்தால் வெட்டியிருக்க மாட்டாள். இடுப்பு லேஸ் பொம்மைக்குப் பாவாடை விளிம்பானது. கழுத்தில் இருந்த முத்தில் நான்கு, பொம்மைக்கு மாலையானது. பக்கத்து வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, தன் தங்கை கல்யாண வண்டிக்கு அதே மாதிரி ஒன்று கேட்டாள். ஆரம்பித்தது அப்படித்தான்.

பெரிய கவுனின் மீதித் துணியெல்லாம் வேறு வேறு பொம்மைகளுக்கு உள்பாவாடையாகப் போய்விட்டது. அம்பாரோவின் பொம்மையும் கழுத்து உடைந்து குப்பைக்குப் போயிற்று. அந்த முதல் பொம்மைக் கவுன் மட்டும் பிஸ்கட் டப்பா ஒன்றில் அந்துருண்டையோடு பதினெட்டு வருடமாகக் கிடந்தது.

அம்பாரோ வளர்ந்து மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்துமூன்றாவது வயதில், தண்ணீர்க் குழாய் ரிப்பேர் பார்க்கிற விர்ஹீலியோவைக் கட்டிக்கொள்ளப் போவதாக வீட்டில் சொன்னாள். அதிகம் பேசாத பையன், முதல் தடவை வீட்டுக்கு வந்தபோதே சமையலறைக் குழாயைச் சரி செய்துவிட்டுப் போனவன். ரொசெந்தாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. ஜூன் மாதத்தில் நாள் குறித்தார்கள்.

செய்தி காதில் விழுந்த மறுநாளே மெலானியோவின் அக்கா பசீத்தா வந்து சேர்ந்தாள். சந்தை ரோட்டில் மூன்று ஆள் வைத்துக் கல்யாண உடை தைக்கிற கடை அவளுடையது. தம்பி மகள் கவுன் தன் கடையில்தான் என்று படப் புத்தகத்தோடு வந்திருந்தாள். அம்பாரோ அத்தைக்குக் காபி கொடுத்துவிட்டு, அம்மாதான் தைக்க வேண்டும் என்றாள். ஊரில் இருக்கிற பெண்களெல்லாம் இந்த மேஜையில் வந்து அம்மா தைத்ததைப் பார்த்து அழுதுவிட்டுப் போவதைப் பார்த்தே வளர்ந்தவள் அவள். ஒருநாள் தானும் அந்தப் பொம்மை மாதிரி நிற்க வேண்டும் என்று ஐந்து வயதிலேயே நினைத்திருந்தாளாம்.

ரொசெந்தாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கூடவே பயமும் வந்தது. பொம்மைக்குத் தைக்க ஆரம்பித்ததிலிருந்து உயிருள்ள ஆளுக்கு அவள் ஒரு சட்டை தைத்ததில்லை.

பசீத்தா காபியை ஆற்றிக்கொண்டே அவளைப் பார்த்தாள்.

“நீயே தை, வேணாங்கல. ஆனா மேல்பாதிய மட்டும், பாவாட சேக்காம, அவளுக்குப் போட்டுப் பாத்துடு. என் கடையில அப்படித்தான் பண்றோம். தச்சு முடியாத கவுன் கவுனே இல்ல. மாதா கோவிச்சுக்க மாட்டா.”

“நான் மாட்டேன் அண்ணி.”

“பொம்மை வாயத் தொறந்து குறை சொல்லாது ரொசெந்தா. மனுசி சொல்லுவா.”

“சொல்லட்டும். போட்டுப் பாத்து அவ கல்யாணம் நின்னு போறதுக்கு, போட்டுப் பாக்காம நாலு பேர் சிரிச்சா நான் கேட்டுக்கறேன்.”

பசீத்தா தட்டில் இருந்த அரிசிப் பலகாரத்தில் இரண்டை இலையில் கட்டிக்கொண்டு எழுந்தாள். கல்யாணத்தன்று காலையில் ஊசி நூலோடு வருகிறேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். அது உதவிக்குச் சொன்னதா குத்திக்காட்டச் சொன்னதா என்று ரொசெந்தா அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தாள்.

துணி எடுக்க அம்மாவும் மகளும் மணிலாவுக்குப் போனார்கள். பாலாடை நிறத்தில், வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிகிற சன்னக் கொடி போட்ட துணி ஒன்று அம்பாரோவுக்குப் பிடித்துவிட்டது. சுருளில் கடைசித் துண்டு, ஏழு கெஜம். இன்னும் ஒரு கெஜம் இருந்தால் நன்றாயிருக்கும் என்று ரொசெந்தா கேட்டாள். கடைக்காரன் கையை விரித்தான், அந்தக் கொடி இனி வராது என்றான்.

அந்தத் துணியில் ரொசெந்தா முதலில் பொம்மைக்குத் தைத்தாள். வழக்கமாகப் பெண்ணுடையதைப் பார்த்துப் பொம்மைக்கு வரும். இங்கே பொம்மையுடையதைப் பார்த்துப் பெண்ணுக்கு வந்தது. அவளுக்குத் தெரிந்த வழி அதுதான். பொம்மைக் கவுன் அவள் கைக்கு வாய்த்தவற்றிலேயே சிறந்ததாக அமைந்தது. நீளக் கை, ஒட்டின தோள், எட்டு மடிப்புப் பாவாடை. பிறகு அதன் காலண்டர் தாள் அளவுகளை மகள் அளவுக்குப் பெருக்கினாள். அம்பாரோவை மேஜை பக்கத்தில் நிற்க வைத்து, கையைத் தொங்கப் போட்டு அசையாமல் நில் என்று சொல்லி டேப்பைப் பிடித்தாள். அம்பாரோ அப்படியே நின்றாள். அம்மா சொன்னால் நிற்கிற பெண் அவள்.

இடுப்பு பிடிக்குமோ, நீளம் தடுக்குமோ, மார்பில் இழுக்குமோ என்று ரொசெந்தா கவலைப்படாத இடம் இல்லை. அக்குளைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. அது அவளுக்குக் கைவந்த இடம். ஏழு கெஜத்தில் கடைசியாக மிஞ்சியது கூடைக்குப் போகிற பிசிறுதான்.

கல்யாணத்தன்று காலையில் மழை விட்டிருந்தது. ஒன்பது மணிக்குப் பூசை. மெலானியோ விடிந்ததும் ஜீப்னியைக் கழுவித் துடைத்து, குண்டுமல்லிச் சரம் சுற்றி, முன்மூடியில் அலங்காரத்துக்கு வைத்த இரண்டு வெள்ளிநிறக் குதிரைகளுக்கு நடுவே பொம்மையை ரிப்பனால் கட்டி வைத்திருந்தான். ஏழு மணிக்கே சந்து ஜனமெல்லாம் வண்டியைச் சுற்றி நின்றது. ஊரார் பொம்மைக்கெல்லாம் தைத்தவள் தன் மகள் பொம்மைக்கு என்ன தைத்திருக்கிறாள் என்று பார்க்க வேண்டாமா?

உள்ளே, பசீத்தாவும் ரொசெந்தாவும் சேர்ந்து அம்பாரோவுக்குக் கவுனைப் போட்டுவிட்டார்கள். முதுகுக் கொக்கிகளை ரொசெந்தா ஒவ்வொன்றாக மாட்டினாள். கடைசிக் கொக்கியும் மாட்டியாயிற்று. பசீத்தா அவளை ஒருதரம் சுற்றி வந்தாள், இன்னொருதரம் சுற்றி வந்தாள். இடுப்பில் குறையில்லை, நீளத்தில் குறையில்லை, தோள் வழித்துவிட்ட மாதிரி இருந்தது. தன் கடையில் மூன்று ஆள் சேர்ந்தாலும் இந்தத் தோள் வராது என்று அவளே ஒப்புக்கொண்டாள். ரொசெந்தாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அம்பாரோ சிரித்துக்கொண்டே, ஆசி வாங்க, அத்தையின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்ளக் குனிந்தாள். கை பாதி தூரம்தான் வந்தது. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இடது அக்குளில் டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது.

அம்பாரோ வலது கையைத் தூக்கப் பார்த்தாள். அது மார்புக்கு மேல் வரவில்லை, தோளையே கீழே பிடித்து இழுத்தது.

“அம்மா, கை மேல வரமாட்டேங்குது.”

பசீத்தா குனிந்து அக்குளில் விரல் விட்டுப் பார்த்தாள். குத்திக்காட்டக் கிடைத்த நேரம்தான், ஆனால் அவள் குத்திக்காட்டவில்லை. ஒரு தையல்காரி இன்னொரு தையல்காரியிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“பொம்மை எந்தப் பெரியவங்க கையை எடுத்து நெத்தியில வெச்சிருக்கு, ரொசெந்தா? அது கையத் தூக்காதே.”

பிடித்த பிடியாக ரொசெந்தா இத்தனை வருடம் விரட்டிக்கொண்டிருந்த அந்தச் சுருக்கம் குறையில்லை. மனுசருடைய கை மேலே போவதற்கு வைத்திருக்கிற துணி அது. பொம்மையிடம் கற்றதை அப்படியே மகளுக்கு மாட்டிவிட்டிருக்கிறாள். பசீத்தா சொன்னபடி மேல்பாதியைப் போட்டுப் பார்த்திருந்தால் ஒரு மாதம் முன்பே தெரிந்திருக்கும். இரண்டு அக்குளையும் பிரித்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒவ்வொரு சதுரத் துண்டு வைத்துத் தைத்தால் சரியாகும், அரைமணி வேலை என்றாள் பசீத்தா. ஆனால் துணிக்கு எங்கே போவது? வேறு துணி வைத்தால் கையைத் தூக்கும்போதெல்லாம் ஒட்டு பளிச்சென்று தெரியும்.

அம்பாரோ அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஈயாடவில்லை.

“பரவால்லம்மா. நான் இன்னிக்குப் பூரா கையத் தொங்கப் போட்டுட்டே இருக்கேன். பொம்மை மாதிரி.”

அவள் சமாதானத்துக்குத்தான் சொன்னாள். ரொசெந்தாவுக்கு அது பொறுக்கவில்லை. மாமியார் கையை நெற்றியில் வைக்க முடியாமல், மெழுகுவர்த்தியை நீட்டிப் பிடிக்க முடியாமல், கட்டினவன் தோளைத் தொட முடியாமல் ஒருநாள் முழுக்கத் தன் மகள் நின்றுகொண்டிருப்பாள். அதுவும் தான் தைத்த கவுனில். அவள் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போனாள்.

வண்டியைச் சுற்றி நின்றவர்கள் வழிவிட்டார்கள். இதுவரை தைத்ததிலேயே இதுதான் அழகு என்று யாரோ சொன்னார்கள். ரொசெந்தா ரிப்பனை அவிழ்த்துப் பொம்மையைக் கையில் எடுத்தாள். முதுகுப் பொத்தான் மூன்றையும் பட் பட்டென்று திறந்து, கவுனை உருவினாள். உடம்பில் ஒன்றும் இல்லாத பொம்மையைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மெலானியோ, வண்டி ஓட்டும்போது கழுத்தில் போட்டுக்கொள்கிற துண்டை எடுத்துப் பொம்மைக்குச் சுற்றிவிட்டான்.

தன் கவுனை யோசிக்காமல் வெட்டிய ரொசெந்தா, எட்டு மடிப்புப் பாவாடையை மேஜையில் விரித்து, இரண்டு தடவை அளந்து பார்த்துவிட்டுத்தான் கத்தரி வைத்தாள். மூன்று வாரம் ஊசியால் நூல் நூலாக எடுத்த வேலை அது. நான்கு வெட்டில் முடிந்துவிட்டது. அம்பாரோ கவுனைக் கழற்றிவிட்டு உள்பாவாடையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தையல்காரிகளும் கவுனை நடுவில் போட்டுக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இடது அக்குள் பசீத்தாவுக்கு, வலது ரொசெந்தாவுக்கு. பசீத்தாவின் தையல் பெரிது பெரிதாக ஓடியது. ரொசெந்தாவின் தையல் கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படித் தைத்தால் மாப்பிள்ளை வேறு பெண்ணைப் பார்க்கப் போய்விடுவான், நீட்டி நீட்டிப் போடு என்று பசீத்தா அதட்டினாள். காலையிலிருந்து முதல் தடவையாக ரொசெந்தா சிரித்தாள்.

எட்டேகாலுக்கு அம்பாரோ மறுபடி கவுனுக்குள் நுழைந்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள், ஓடுகிற வண்டியில் கம்பியைப் பிடிப்பது போல. தூக்கிய கையை இறக்கினாள். அக்குளில் இரண்டு பக்கமும் நன்றாகச் சுருக்கம் விழுந்தது. ரொசெந்தா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சந்தோஷமாக ஒரு சுருக்கத்தை அவள் பார்த்ததில்லை. அம்பாரோ அத்தையின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். தையல் அசையவில்லை.

அப்போது மெலானியோ துண்டு சுற்றிய பொம்மையோடு கதவருகில் வந்து நின்றான்.

“இத இப்படியே கட்டிட்டுப் போனா சாமியார் கதவச் சாத்திருவாரு. வேற ஏதாவது குடு.”

வேறு ஒன்றும் இல்லை. தைத்தவை எல்லாம் அவரவர் வீட்டுக்குப் போயிருந்தன. பொம்மை இல்லாத கல்யாண வண்டியை அந்த ஊர் பார்த்ததில்லை. அது பொம்மைக்காரி மகளுடைய வண்டியாக இருந்தால் ஊர் நாக்கைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு கவுன் இருந்தது. ரொசெந்தாவுக்குத் தெரியும், வாயைத் திறக்கவில்லை. அம்பாரோதான் சொன்னாள்.

“டப்பாவுல ஒண்ணு இருக்கேம்மா.”

“அது வேணாம்.”

“ஏன்? அதே அளவுப் பொம்மைதானே?”

“நடக்காத கல்யாணத்துக் கவுன்டி அது. அதக் கொண்டுபோய் உன் வண்டி முன்னால கட்டுவேனா?”

இந்த மாதிரி விஷயத்தில் பசீத்தாவுக்கும் பயம் உண்டு. மெலானியோ பொம்மையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான். வழக்கமான சிரிப்பு அவன் முகத்தில் இல்லை.

“அந்தக் கல்யாணம் நடந்திருந்தா நான் ஏது, இந்தப் பொண்ணு ஏது? இத்தன வருஷமா வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சியா? அந்தக் கவுன் எனக்குச் செஞ்ச நல்லத வேற யாரும் செய்யல. எடுத்துட்டு வா.”

ரொசெந்தா அலமாரியின் மேலிருந்து பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. அவன்தான் திறந்து கொடுத்தான். துணி பழுத்த மஞ்சளாகியிருந்தது, லேஸ் மட்டும் அப்படியே இருந்தது, நான்கு முத்தும் இருந்தன. அந்துருண்டை வாசனை அறை முழுக்கப் பரவியது. பொத்தான்கள் துருவேறிப் பிடிக்காததால் முதுகை ரிப்பனால் கட்டினாள். பொம்மைக்குக் கச்சிதமாக இருந்தது. அந்தக் காலத்தில் அவளுக்கு இன்னும் கை படியவில்லை. ஒரு கை கொஞ்சம் நீளம், அக்குளில் இரண்டு பக்கமும் சுருக்கம். அதைச் சரி செய்ய அவள் ஊசியை எடுக்கவில்லை.

மெலானியோ வண்டியை அன்றைக்கு ஓட்டிய மாதிரி மெதுவாக என்றும் ஓட்டியதில்லை. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ரொசெந்தா எட்டிப் பொம்மையைப் பார்த்துக்கொண்டாள். கோயில் வாசலில் விர்ஹீலியோ முன்கூட்டியே வந்து, வெள்ளைச் சட்டையில் வியர்த்துக்கொண்டு நின்றான். அவனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரொசெந்தா பிடித்திருந்த கம்பியை விட்டாள். பூசை நடந்தது. மணமக்கள் தோளில் முக்காடு போட்டார்கள், இருவரையும் சேர்த்துக் கயிறு போட்டார்கள், அம்பாரோ மெழுகுவர்த்தியை நீட்டிப் பிடித்தாள், மாமியார் மாமனார் கையையெல்லாம் எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு முறை கை உயரும்போதும் ரொசெந்தாவின் காது அந்த டர்ரென்ற சத்தத்துக்குக் காத்திருந்தது. அது வரவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் அம்பாரோ படியில் நின்றபடியே இரண்டு கையையும் தூக்கி அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரொசெந்தாவின் விரலில், மகளின் அக்குளில் இருந்த பசீத்தாவின் பெரிய தையல் தட்டுப்பட்டது.

அரிசி தூவி ஆரவாரமெல்லாம் அடங்கிய பிறகு, விர்ஹீலியோவின் அம்மா வண்டி அருகில் வந்து நின்று பொம்மையை உற்றுப் பார்த்தாள். அந்த அம்மாள் வெளியூர்க்காரி. பார்த்ததைக் கேட்காமல் விடுகிறவளும் இல்லை. மருமகள் போட்டிருக்கிறது ஒரு மாதிரி, பொம்மை போட்டிருக்கிறது ஒரு மாதிரி, இப்படி ஒரு வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதில்லையே என்றாள். இது யார் கவுன் என்று கேட்டாள்.

மெலானியோ வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு ரொசெந்தாவைப் பார்த்தான். பசீத்தா வேறு பக்கம் பார்த்தாள். ரொசெந்தா காற்றில் புரண்டிருந்த லேஸ் விளிம்பை விரலால் நீவிவிட்டாள்.

“என்னோடது,” என்றாள். “இருபத்தேழு வருஷமாச்சு. இன்னிக்குத்தான் கோயிலுக்கு வந்திருக்கு.”